களைத்தவரைத் தாங்கும் சொல்

குருத்து ஞாயிறன்று ஆண்டவருடைய திருப்பாடுகளின் நீண்ட வாசகத்திற்காகக் காத்திருக்கும் நாம், அதற்கு முன்னர் வாசிக்கப்படும் முதல் வாசகத்தைப் பெரும்பாலும் கவனியாமல் கடந்துவிடுகின்றோம். திருவழிபாட்டின் மூன்றாண்டுச் சுழற்சியில் எந்த ஆண்டாயினும் அன்றைய முதல் வாசகம் மாறுவதில்லை. இறைவாக்கினர் எசாயாவின் நூல், 50ஆம் அதிகாரம், 4 முதல் 7 வரையான வசனங்களே அவை. அடியையும் அவமானத்தையும் முகம் திருப்பாமல் ஏற்றுக்கொண்ட ஆண்டவரின் ஊழியர் அங்கே பேசுகின்றார். ஆயினும், தாம் பட்ட துன்பங்களை எடுத்துரைக்கும் முன்னர், தமக்கு இறைவன் தந்த ஒரு கொடையைப் பற்றியே அவர் முதலில் கூறுகின்றார். அது வாளன்று, செல்வமன்று, கடலைப் பிளக்கும் ஆற்றலுமன்று. களைத்துப்போன ஒருவரை ஒரு சொல்லால் தாங்கத் தெரிந்த நாவே அக்கொடை.

ஆயிரம் சொற்களை அவர் குறிப்பிடவில்லை. எபிரேய மூலத்திலும் அது ஒருமையில்தான் வருகின்றது: ஒரு சொல். தளர்ந்து விழப்போகும் மனிதருக்கு நீண்ட பிரசங்கம் தேவைப்படுவதில்லை. ஊன்றிக்கொள்ள ஒரு கோல் போதுமாயிருப்பதுபோல, பற்றிக்கொள்ள ஒரு சொல் போதுமாயிருக்கின்றது. அந்த ஒரு சொல்லை நம்மிடமிருந்து எதிர்பார்த்து நிற்போர் நம் வீட்டிலேயே இருக்கலாம். அவர்களுக்கு நாம் என்ன சொல்லுகின்றோம்? எப்படிச் சொல்லுகின்றோம்? இக்கேள்விகளை ஊவா மண்ணில் நின்று இவ்வாரம் சிந்திப்போம்.

யார் இந்தக் களைத்தவர்?

எசாயா நூலின் இப்பகுதி, பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களை நோக்கி உரைக்கப்பட்டது. கி.மு. 587இல் எருசலேம் வீழ்ந்தது. கோவில் எரிந்தது. மக்கள் அந்நிய மண்ணுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பாரசீக மன்னன் சைரசு கி.மு. 538இல் ஆணை பிறப்பிக்கும்வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர்கள் அங்கே வாழ்ந்தனர். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தாயகம் என்பது பாட்டி சொல்லும் கதையாக மட்டுமே இருந்தது. தங்கள் வழி ஆண்டவருக்கு மறைவாய் உள்ளது, தங்கள் நீதி அவருடைய கண்ணுக்குத் தெரிவதில்லை என்று அவர்கள் முறையிட்டதை 40ஆம் அதிகாரம் காட்டுகின்றது. உடற்களைப்பை உறக்கம் தீர்த்துவிடும். ஆனால் தன்னை எவரும் காணவில்லை, கடவுளும் காணவில்லை என்ற எண்ணத்தால் வரும் களைப்பை எத்தனை இரவு உறங்கினாலும் தீர்க்க முடியாது.

இந்தக் களைப்பை மலையக மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1823ஆம் ஆண்டிலிருந்து தென்னிந்தியக் கிராமங்களை விட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 2023ஆம் ஆண்டில் அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். இந்த இரண்டு நூற்றாண்டுகளுக்கு இடையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று குடும்பங்களைப் பிரித்தது. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் உறவுகளை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்தனர். பயணச்சீட்டில் அச்சிடப்படாத அப்பெயரைக் கண்ணீரே எழுதியது.

இன்றும் அதிகாலையில் பனியில் நனைந்து மலையேறும் தாயும், மொனராகலையின் இறப்பர் மரங்களுக்கிடையே விடியுமுன்னே பால்வெட்டச் செல்லும் தந்தையும் அந்தக் களைப்பின் வாரிசுகளே. அவர்களுக்கு நியாயமான கூலி வேண்டும், சொந்தக் காணி வேண்டும், பாதுகாப்பான வீடு வேண்டும். இவற்றின் இடத்தைச் சொல் நிரப்பிவிடும் என்று எவரும் ஏமாற்ற வேண்டாம். உடையும் உணவும் இல்லாத சகோதரனிடம், நலமாகப் போய் வா என்று வாயால் மட்டும் சொல்லியனுப்புவதால் பயன் என்ன என்று திருத்தூதர் யாக்கோபு கேட்கின்றார் (யாக் 2:15-16). ஆயினும், கூலியும் காணியும் கிடைத்த பின்னரும் மனிதர் சொல்லுக்காக ஏங்குவர். அவை கிடைக்கும்வரை போராடும் வலிமையையும் பல வேளைகளில் ஒரு நல்ல சொல்லே தருகின்றது.

அரைப்பேரும் முழுப்பேரும்

தோட்டத்து மொழியில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர் பதியப்படும். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தாலோ, இடையில் வேலையை விட்டு வர நேர்ந்தாலோ 'அரைப்பேர்' என்று பதியப்படும். அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். நாட்கணக்கைக் குறிக்கும் சொல்தான் அது. என்றாலும் அதை ஆண்டாண்டு காலமாகக் கேட்டுக் கேட்டு, நானே ஓர் அரை மனிதன்தானோ என்று ஒருவர் எண்ணத் தொடங்கினால் அதில் வியப்பில்லை. காய்ச்சலோடு மலையேறிய பெண்ணுக்கு மாலையில் கிடைக்கும் தீர்ப்பு, நிறுவைத் தராசின் முள் காட்டும் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு அவளுடைய காய்ச்சல் தெரியாது.

இப்போது உயிர்ப்பு ஞாயிறின் விடியற்காலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். கல்லறைக்கு வெளியே நின்று மகதலா மரியா அழுதுகொண்டிருக்கின்றார். வானதூதர் பேசியும் அவருடைய கண்ணீர் நிற்கவில்லை. உயிர்த்த ஆண்டவர் அருகில் நின்றபோதும் தோட்டக்காரர் என்றே எண்ணுகின்றார். உயிர்ப்பின் மறைபொருளை விளக்கி ஆண்டவர் அவருக்கு மறைக்கல்வி நடத்தவில்லை. ஒரே சொல்லைச் சொன்னார். அது அப்பெண்ணின் பெயர் (யோவா 20:16). அந்த ஒரு சொல்லிலே துயரம் திரும்பிப் பார்த்தது; அழுகை அறிவிப்பாக மாறியது. திருத்தூதர்களிடம் முதன்முதலில் நற்செய்தி கொண்டு ஓடியவர் அவரே.

பாபிலோனிலே தளர்ந்திருந்த மக்களுக்கும் இறைவன் சொன்னது அதுவே: உன்னைப் பெயர் சொல்லி அழைத்தவர் நான், நீ எனக்கு உரியவன் என்பதே எசாயா 43ஆம் அதிகாரத்தின் செய்தி. இறைவனின் பதிவேட்டில் அரைப்பேர் கிடையாது. நோயுற்று லயத்து அறையில் படுத்திருக்கும் நாளிலும், வேலைக்குப் போக இயலாத முதுமையிலும் அவர் நமக்கு முழுப்பேரையே பதிகின்றார். ஆகவே, சோர்ந்திருக்கும் ஒருவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தவிப்போர் இங்கிருந்தே தொடங்கலாம். அவருடைய பெயரைச் சொல்லுங்கள். மரியாதையோடும் உரிமையோடும் சொல்லுங்கள். வேலைக்காரன், நோயாளி, கடன்காரன், பரீட்சையில் தோற்றவன் என்ற பட்டங்களுக்குக் கீழே புதைந்துபோன அந்தப் பெயரை மீண்டும் வெளியே எடுங்கள்.

நாவுக்கு முன் செவி

எசாயாவின் வசனத்தில் இன்னுமொரு நுட்பம் உண்டு. ஊழியர் பெற்ற நாவைக் குறிக்க அங்கே பயன்படும் எபிரேயச் சொல் 'லிம்முதிம்' என்பது. கற்பிக்கப்படுவோர், அதாவது மாணவர் என்பது அதன் பொருள். அதே சொல் அதே வசனத்தின் இறுதியிலும் வருகின்றது. ஆனால் அங்கே அது நாவைப் பற்றியதன்று, கேட்டலைப் பற்றியது. காலைதோறும் ஆண்டவர் தம் செவியைத் திறந்து, மாணவரைப்போலக் கேட்கச் செய்கின்றார் என்று ஊழியர் கூறுகின்றார். தாங்கும் சொல்லைப் பேசும் நாவின் இரகசியம் இதுவே. அது பேச்சாளரின் நா அன்று, மாணவரின் நா. காலையில் கேட்ட செவியே மாலையில் ஆறுதல் பேசும் வாயாகின்றது.

எம்மாவு நோக்கிய வழியில் இதை ஆண்டவரே செய்து காட்டினார். நம்பிக்கை இழந்து ஊர் திரும்பிய இரு சீடரோடு அவர் சேர்ந்து நடந்தார். என்ன நிகழ்ந்தது என்று அவர்களிடம் கேட்டார். எருசலேமில் நிகழ்ந்ததை அவரைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை, நிகழ்ந்தது அவருக்கே. ஆயினும் அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை முழுவதுமாகக் கொட்டித் தீர்க்கும்வரை காத்திருந்தார். மறைநூலை விளக்கியது அதன் பின்னரே. உள்ளம் பற்றியெரிந்ததாகச் சீடர் பின்னர் உணர்ந்தது அந்த விளக்கத்தின்போதுதான். ஆனால் அவர் முதலில் கேட்டிராவிடில் அவர்கள் செவிசாய்த்திருப்பார்களா? 2022ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாளுக்கு, இதயத்தின் செவியால் கேட்டல் என்பதையே காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் கருப்பொருளாகத் தெரிந்துகொண்டார். பேச்சும் செய்தியும் பெருகிய காலத்தில் திரு அவை கேட்டலைப் பற்றிப் பேசியது பொருத்தமே.

2015 ஜனவரி 14ஆம் நாள், கொழும்பு காலிமுகத்திடலில் அதே திருத்தந்தை புனிதராக உயர்த்திய யோசப் வாஸ் அடிகளாரும் மாணவரின் நாவைப் பெற்றவரே. ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களின்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்த இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடி, கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். தாய்மொழியில் மறையுரை நிகழ்த்தும் திறன் அவருக்கு இருந்தது. ஆனால் இங்கே சோர்ந்திருந்தவர்களின் காதுகள் அம்மொழியை அறியா. ஆகவே தமிழையும் சிங்களத்தையும் குழந்தையைப்போலக் கற்றார். இரவு வேளைகளில் வீடு வீடாகச் சென்று, மக்களின் மொழியிலேயே பாவமன்னிப்பும் ஆறுதலும் வழங்கினார். அவரைத் தொடர்ந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இரு மொழிகளிலும் நூல்கள் எழுதினார். களைத்தவரின் மொழியில் வராத ஆறுதல் அவரது வாசலோடு நின்றுவிடும். மொழி என்றால் தமிழ், சிங்களம் மட்டுமல்ல. பிள்ளைகளுக்கு ஒரு மொழி, முதியோருக்கு ஒரு மொழி, துக்க வீட்டுக்கு ஒரு மொழி உண்டு. ஒவ்வொன்றையும் கற்கத்தான் வேண்டும்.

நல்வாழ்த்து என்னும் பெயர் கொண்ட வீடு

தொலைவிலிருந்தே சான்றுகளைத் தேட வேண்டிய தேவை நமக்கில்லை. மொனராகலை மாவட்டத்திலேயே, நம் காலத்துக்கு மிக அருகில், செவியால் பேசிய ஒரு குருவானவர் வாழ்ந்து இரத்தம் சிந்தியிருக்கின்றார்.

1972 டிசெம்பரில் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பதுளை மறைமாவட்டம் உருவானது. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் அதில் அடங்கின. கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணாயக்கார ஆண்டகை, வசதிகள் மிக்க கண்டியை விட்டு, வறிய புதிய மறைமாவட்டத்தையே விரும்பி ஏற்றார். 1982இல் இறக்கும்வரை அதன் மேய்ப்பராயிருந்தார். மக்களோடு வாழ்ந்து பணியாற்றும் குருக்களை உருவாக்க அவர் தொடங்கிய 'சேவக செவண' முயற்சியில் அவருக்குத் துணை நின்றவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை மைக்கல் றொட்ரிகோ. 1927இல் தெஹிவளையில் பிறந்த அவர் பெரும் கல்விமான். உரோமையிலும் பாரிசிலும் ஆய்வு செய்து இரு முனைவர் பட்டங்கள் பெற்றவர். அம்பிட்டிய தேசிய குருமடத்தில் பல ஆண்டுகள் கற்பித்தவர்.

அத்தகையவர் 1980இல் புத்தலைக்கு அருகே அலுகலவிட்ட என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கே கத்தோலிக்கப் பங்கு எதுவும் இல்லை. சுற்றிலும் ஏழைச் சிங்கள பௌத்த விவசாயிகள். ஒருகாலத்தில் இலட்சம் வயல்களின் நாடு என்று பொருள்படும் வெல்லஸ்ஸ என்ற பெயரோடு செழித்திருந்த அந்நிலம், 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது பாழாக்கப்பட்டது. அந்த வறுமையின் தழும்பு மறையவேயில்லை. 1980களில் கரும்புச் செய்கையும் சீனித் தொழிற்சாலைகளும் அப்பகுதியில் விரிந்தபோது, சேனைப் பயிரை நம்பி வாழ்ந்தவர்கள் நிலத்தைப் பற்றிய புதிய கவலைக்குள்ளாயினர். ஊவாவின் தேயிலை மலையிலே தமிழன் களைத்திருந்தான் என்றால், அதன் அடிவாரத்திலே சிங்களவனும் களைத்தே இருந்தான்.

அருட்தந்தை மைக்கல் அங்கே எழுப்பிய எளிய இல்லத்துக்கு 'சுப செத் கெதர' என்று பெயரிட்டார். சிங்களத்தில் 'சுப செத்' என்பது நல்வாழ்த்து. கெதர என்பது வீடு. வாழ்த்துச் சொல்லையே வீட்டின் பெயராக்கிவிட்டார் அவர். பெயர் நல்வாழ்த்தாயிருந்தாலும் தொடக்கத்தில் ஊரவர் அவரை நம்பவில்லை. மதம் மாற்ற வந்தவரோ என்ற ஐயம் இருந்தது, அது இயல்பே. அந்த ஐயத்தை அவர் வாதத்தால் வெல்ல முற்படவில்லை. அவர்களோடு வாழ்ந்தார். அவர்களுடைய நெல்லையும் நோயையும், மூலிகையையும் மண்ணையும், கடனையும் கண்ணீரையும் பற்றி அவர்களிடமே கேட்டறிந்தார். பௌத்த மெய்யியலில் பட்டம் பெற்றவர், எழுத்தறிவு குறைந்த விவசாயிகளின் முன் மாணவராய் அமர்ந்தார். நாளடைவில் விகாரையின் பிக்குகளும் ஊராரும் அவரைத் தம்மவராக ஏற்றனர்.

நாட்டின் தென்பகுதியில் வன்முறை மூண்ட அந்நாட்களில் அவருக்கு அச்சுறுத்தல்கள் வந்தன. அவ்விடத்தை விட்டு வெளியேறிப் பாதுகாப்பாக வாழ்ந்திருக்கலாம். அவர் வெளியேறவில்லை. 1987 நவம்பர் 10ஆம் நாள் மாலை, அந்த இல்லத்தில் அருட்சகோதரிகளோடு திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 60.

எளியவரோடு தங்கியிருப்பதும் ஒரு சொல்தான். நான் உன்னை விட்டுப் போகமாட்டேன் என்பதே அது. அதனை அவர் வாயால் சொன்னதைவிட, போகாமலிருந்து சொன்னார். ஊழியர் கொண்டிருந்த கொடைக்கும் அவர் பட்ட பாடுகளுக்கும் எசாயாவின் பகுதியில் ஏன் இடைவெளியில்லை என்பதை அலுகலவிட்ட நமக்குப் புரியவைக்கின்றது. களைத்தவரைத் தாங்கும் சொல்லுக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாயிருப்பவரின் சொல்லையே மக்கள் நம்புவர்.

புண்ணில் படும் ஆறுதல்

எல்லா ஆறுதலும் ஆறுதலாகிவிடுவதில்லை. துயருற்ற உள்ளத்தின் முன் மகிழ்ச்சிப் பாடல் பாடுவது காயத்தில் காடியை ஊற்றுவதற்கு ஒப்பானது என்று நீதிமொழிகள் நூல் எச்சரிக்கின்றது (நீமொ 25:20). யோபுவின் நண்பர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் தீயவர்களல்லர், நண்பனின் துன்பத்தைக் கேள்விப்பட்டுத் தூர இடங்களிலிருந்து வந்தவர்கள். ஏழு நாள் இரவும் பகலும் தரையிலே அவரருகில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாதிருந்தனர் (யோபு 2:13). அந்நூல் முழுவதிலும் அவர்கள் செய்த மிகச் சிறந்த பணி அதுதான். வாய் திறந்தபோதே சிக்கல் தொடங்கியது. நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்று விளக்கத் தொடங்கினர். கடவுளுக்காக வாதாடுவதாக எண்ணி நண்பனை நொறுக்கினர். இறுதியில் ஆண்டவர் சினந்துகொண்டது கேள்வி கேட்ட யோபுவின்மேல் அன்று, விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை என்ற நிலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பெய்த பெருமழையில் பதுளை உள்ளிட்ட மலைநாட்டு மாவட்டங்கள் மீண்டும் மண்சரிவுக்கு இரையாயின. இத்தகைய வேளைகளில் நாம் அவசரப்பட்டுச் சொல்லும் சில சொற்கள் உண்டு. எல்லாம் கடவுள் சித்தம்; அழாதே, ஆண்டவர் அறிவார்; உன்னைவிடத் துன்பப்படுவோர் எத்தனையோ பேர். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுகின்றோம். ஆனால் பிள்ளையை மண்ணுக்குள் விட்டுவிட்டு நிற்கும் தாய்க்கு, அதைக் கடவுள்தான் செய்தார் என்றல்லவா அது ஒலிக்கின்றது? ஆபத்தான சரிவுகளிலே மக்கள் ஏன் தொடர்ந்து வாழ நேரிடுகின்றது என்ற நீதியான கேள்வியையும் அது மூடிவிடுகின்றது. இலாசரின் கல்லறை முன் ஆண்டவர் செய்ததைச் செய்வோம். அவர் அழுதார். உயிர்ப்பிக்கும் சொல் வருமுன்னே அந்தக் கண்ணீர் வந்தது.

இதற்கு நேர்மாறான ஓர் அழகிய காட்சியை அரசர் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். கார்மேல் மலையில் வெற்றி கண்ட எலியா, ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடிச் சூரைச் செடியின் கீழ் படுத்துச் சாவை வேண்டினார். இறைவாக்கினரே சாகக் கேட்ட வேளை அது. வானதூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. உன் நம்பிக்கை எங்கே என்று கேட்கவுமில்லை. தொட்டார், எழுந்து உண்ணச் சொன்னார். தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. உண்டு மீண்டும் உறங்கினார் எலியா. அதற்கும் தடையில்லை. இரண்டாம் முறை எழுப்பியபோது, நீ போகவேண்டிய வழி உனக்கு மிக நீளமானது என்ற கருத்தையே தூதர் சொன்னார். களைத்தவரின் களைப்பு உண்மையானது என்று ஏற்றுக்கொண்ட சொல் அது. சும்மா இருக்கிறாய், நடிக்கிறாய், சோம்பேறி என்ற சொற்களையே கேட்டுப் பழகிய காதுக்கு, உன் வழி நீளமானதுதான் என்பது எத்தகைய ஆறுதல்! அதன் வலிமையில் அவர் நாற்பது நாள் நடந்து கடவுளின் மலையை அடைந்தார்.

நம் இல்லங்களிலே

திரு அவையின் தொடக்க காலத்தில் சைப்பிரசு தீவைச் சேர்ந்த யோசேப்பு என்பவருக்குத் திருத்தூதர்கள் பர்னபா என்று பெயரிட்டனர். ஊக்கமளிக்கும் மகன் என்பது அதன் பொருள் (திப 4:36). எல்லாரும் அஞ்சி விலகிய சவுலைக் கைப்பிடித்துத் திருத்தூதரிடம் அழைத்துச் சென்றவர் அவர். பணியின் பாதியில் திரும்பிப் போன இளைஞர் மாற்குவைப் பவுல் ஏற்க மறுத்தபோதும், அவருக்கு இரண்டாம் வாய்ப்பைக் கொடுத்தவர் அவரே. பிற்காலத்தில் அதே மாற்கு தமக்குப் பயன்மிக்கவர் என்று பவுலே எழுதினார் (2 திமொ 4:11). ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பர்னபா தேவை. அது தாத்தாவாக இருக்கலாம்; பத்து வயதுப் பேத்தியாகவும் இருக்கலாம்.

மலையகத்தின் பல வீடுகளில் தாய் மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாய் இருக்கின்றார். மகன் கொழும்பிலே கடையில் நிற்கின்றான். குடும்பத்தை இன்று ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது கைத்தொலைபேசியில் வரும் குரல்தான். அந்தச் சில நிமிடங்களில் நாம் எதைப் பேசுகின்றோம்? காசு எப்போது வரும், அடகு எப்போது மீட்பது என்பவை தவிர்க்க முடியாத கேள்விகளே. ஆயினும் அவற்றுக்கு முன் ஒரு கேள்வி வரட்டும்: நீ சாப்பிட்டாயா அம்மா? உனக்கு உடம்பு எப்படி? பிள்ளை ஜெபமாலை சொல்லும்போது உன் பெயரைச் சொல்லித்தான் முடிக்கின்றாள் என்று ஒருவர் சொல்லட்டும். அன்னிய நாட்டின் சமையலறையிலே நின்று அதைக் கேட்கும் பெண்ணுக்கு, அன்றைய பொழுதைத் தாங்க அது போதும்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாளில், சித்தியடையாத பிள்ளையிடம் முதலில் பேசுபவர் யார் என்பதும், என்ன பேசுகின்றார் என்பதும் அப்பிள்ளையின் வாழ்வையே தீர்மானித்துவிடலாம். உனக்காகக் கொட்டிய காசெல்லாம் வீண் என்ற ஒரு சொல்லை அது முதுமைவரை சுமக்கும். சாப்பிட வா, நாளைக்கு யோசிப்போம் என்ற சொல்லையும் அவ்வாறே சுமக்கும். எந்தச் சுமையை அதன் தோளில் ஏற்றுவது என்பது அன்று நம் கையில் உள்ளது. கணவன் மனைவியிடமும், மருமகள் மாமியாரிடமும், மேலதிகாரி தொழிலாளியிடமும் பேசும் சொற்களுக்கும் இதுவே அளவுகோல். மனக்கவலை மனிதரை வளையச் செய்கின்றது, இன்சொல் அவரை நிமிரச் செய்கின்றது என்பது நீதிமொழிகளின் நீண்டநாள் அனுபவம் (நீமொ 12:25). சோர்வு மிக ஆழமாகி, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு ஒருவரிடமிருந்து வருமானால், அதை விளையாட்டாக எண்ணாதீர்கள். அவரைத் தனியே விடாது அருகிலிருங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எலியாவுக்கு உணவும் உறக்கமும் தந்த இறைவன் மருத்துவத்தின் வழியாகவும் தாங்குகின்றார்.

இத்தகைய நாவைப் பெறுவதற்கு வழி என்ன? எசாயாவே சொல்லிவிட்டார்: காலைதோறும். பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும், பாடசாலைப் பேருந்தைப் பிடிக்கும் ஓட்டத்திலும், இறைவார்த்தையின் ஒரு வசனத்தைக் கேட்க இரண்டு நிமிடங்களை ஒதுக்குவோம். பிறகு, வீட்டிலுள்ளோரின் முகத்தைப் பார்த்து, இன்று இங்கே களைத்திருப்பவர் யார் என்று நம்மையே கேட்போம். கேட்ட செவிக்குச் சொல்லும் தானே வந்து சேரும்.

ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் அனைவரும் ஒரு படைவீரனின் மன்றாட்டை நமதாக்குகின்றோம். தன் ஊழியன் நோயுற்றிருக்க, ஆண்டவர் தன் இல்லத்துக்கு வரும் தகுதி தனக்கில்லை என்றும், அவர் ஒரு சொல் உரைத்தாலே போதும் என்றும் நம்பிய நூற்றுவர் தலைவர் அவர் (மத் 8:8). ஞாயிறுதோறும் நாமும் கேட்பது அந்த ஒரு சொல்லைத்தான். அதைப் பெற்றவர்களாகவே ஆலயத்தின் படியிறங்குகின்றோம். வீட்டு வாசலிலே, வைத்தியசாலைக் கட்டிலிலே, தொலைபேசியின் மறுமுனையிலே ஒருவர் அதே ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கின்றார். பெற்றதைக் கொடுப்போம். களைத்தவரைத் தாங்கும் நாவை ஆண்டவர் நம் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக!